90.4-ல் யார் பேசுவது?

சென்னை கிண்டியில் வானொலியின் முள்ளை 90.4-க்குத் திருப்பினால் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் கேட்கும். அதே 90.4 பாம்பனில் மீனவர்களுக்கான கடல் ஓசை. தெலங்கானாவில் ஜஹீராபாத் அருகே மாச்சனூர் கிராமத்தில் அந்த எண், தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ. ஒரே எண்ணில் ஓரிடத்தில் பல்கலைக்கழக வளாகம் பேசுகிறது, இன்னோரிடத்தில் கடற்கரை பேசுகிறது, மற்றோரிடத்தில் மானாவாரி நிலத்தில் சிறுதானியம் விதைக்கிற பெண்கள் பேசுகிறார்கள்.

மூன்றும் நல்ல நிலையங்கள். ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பதால் மூன்றுக்கும் இடம் கிடைத்தது. ஒருவேளை மூன்று அமைப்புகளும் ஒரே ஊரில் இருந்து, ஒரே அலைவரிசையைக் கேட்டு விண்ணப்பித்திருந்தால் யாருக்குக் கிடைத்திருக்கும்? எதை வைத்து முடிவு செய்திருப்பார்கள்? கிடைக்காதவர்களுக்கு என்ன காரணம் சொல்லியிருப்பார்கள்? சமுதாய வானொலி இந்தியாவில் 20 ஆண்டுகளைக் கடந்துவிட்ட பிறகும் இந்தக் கேள்விகளுக்குப் பொதுமக்கள் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய பதில் இல்லை.

போட்டி ஏன் வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பண்பலை ஒலிபரப்புக்கு இருப்பது 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இடம். ஆகாசவாணியும் தனியார் நிலையங்களும் எடுத்துக்கொண்டது போக, சமுதாய வானொலிக்கு மிஞ்சுவது விரல்விட்டு எண்ணக்கூடிய சில அலைவரிசைகள். ஒரு சமுதாய வானொலி நிலையத்துக்கு இந்தியாவில் வழக்கமாக அனுமதிக்கப்படும் கதிர்வீச்சுத் திறன் 100 வாட். ஆண்டெனாவின் உயரம் 30 மீட்டர். பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு சக்தி. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் ஒலி ஓய்ந்துவிடும். அதனால்தான் ஒரே எண்ணை வேறு வேறு ஊர்களில் மறுபடியும் மறுபடியும் கொடுக்க முடிகிறது. ஆனால் ஒரே ஊருக்குள் இருவர் ஒரே அலைவரிசையில் பேசினால் இருவர் குரலும் இரைச்சலாகிவிடும். பெருநகரங்களில் இந்த நெருக்கடி இன்னும் அதிகம். ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை என்று சொல்லியாக வேண்டும்.

அந்த அலைவரிசை அரசின் சொத்து அல்ல. 1993-ல் நடந்த ஹீரோ கோப்பை கிரிக்கெட் போட்டிகளை யார் ஒளிபரப்புவது என்று வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையே எழுந்த வழக்கில், 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொன்னது: வான் அலைகள் பொதுச் சொத்து, மக்களின் உரிமைகளைக் காக்கும் விதத்தில் ஒரு பொது அதிகார அமைப்பு அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும். சமுதாய வானொலி கேட்டு இயங்கியவர்களுக்கு அந்தத் தீர்ப்பே அடித்தளம். 2002-ன் இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கு வழி திறந்தது. 2004 பிப்ரவரி முதல் தேதி அண்ணா எஃப்எம் நாட்டின் முதல் சமுதாய வானொலியாக ஒலிக்கத் தொடங்கியது. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் மையங்களுக்கும் கதவு திறந்தது. 2024 தொடக்கத்தில் நாட்டில் 480-க்கும் மேற்பட்ட நிலையங்கள் இயங்கிக்கொண்டிருந்தன.

2006-ம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளில் போட்டியைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. ஓர் இடத்தில் ஓர் அலைவரிசைக்கு ஒன்றுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தால், தகவல் ஒலிபரப்புத் துறைச் செயலாளர் தலைமையிலான குழு தேர்வு செய்யும். சமூகத்தில் விண்ணப்பதாரருக்கு உள்ள மதிப்பு, அவர்கள் காட்டும் ஈடுபாடு, அமைப்பின் நோக்கங்கள், திரட்டக்கூடிய வளங்கள், நற்சான்றுகள், சமூக சேவை செய்த ஆண்டுகள் ஆகியவற்றைக் குழு பார்க்கும். அவ்வளவுதான்.

வாக்கியத்தில் தவறான சொல் எதுவும் இல்லை. எந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதுதான் அதில் இல்லை. ‘மதிப்பு’ என்றால் யாரிடம் உள்ள மதிப்பு? மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலா, குடிநீர்க் குழாயடியிலா? ‘வளங்கள்’ என்ற அளவுகோல் ஈடுபாட்டைவிடக் கனமானதா? டெல்லியில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழு, கோப்பில் இருக்கும் தாள்களைக் கொண்டுதான் இவற்றை எடைபோட வேண்டும். தாள்களைச் சேர்த்துக் கொடுப்பதில் கைதேர்ந்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். கல்லூரிக்கு அலுவலகம் உண்டு, தணிக்கையாளர் உண்டு, ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுதித்தரப் பேராசிரியர் உண்டு. நெசவாளர் கூட்டுறவுக்கோ மீனவர் சங்கத்துக்கோ அவர்களுடைய வாழ்க்கைதான் சான்று. அதை எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மாச்சனூர் பெண்களின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனத்தோடு இணைந்த அந்தக் கிராமச் சங்கங்களுக்கு 1990-களின் பிற்பகுதியிலேயே யுனெஸ்கோவின் உதவியுடன் ஒலிப்பதிவுக் கூடம் வந்துவிட்டது. உரிமம் மட்டும் வரவில்லை. சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. விதை சேமிப்பு, மூலிகை மருந்து, அறுவடைப் பாட்டு, கூலிப் பிரச்சினை என்று ஒலிநாடாவில் பதிவு செய்தார்கள். நாடாக்களைக் கிராமங்களுக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் காட்டினார்கள். சுமார் பத்தாண்டுகள் இப்படி ஓடின. 2008 அக்டோபர் 15 அன்றுதான் அவர்கள் குரல் காற்றில் ஏறியது. ஜெனரல் நரசம்மா, அல்கோல் நரசம்மா என்ற இரண்டு பெண்கள் அந்த நிலையத்தின் முகமாக நாடு முழுதும் அறியப்பட்டார்கள்.

நல்வாய்ப்பாக அவர்களோடு மோத அந்த இடத்தில் வேறு பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அந்தப் பத்தாண்டு நாடாக்களுக்கு எத்தனை மதிப்பெண் கிடைத்திருக்கும்? 2006-ன் வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும் விடை தெரியாது. குறை இருப்பது அங்கேதான்.

பொதுச் சொத்தைப் பங்கிட வேறு வழிகளும் உண்டு. ஏலம் விடலாம், தனியார் பண்பலைக்கு அப்படித்தான் நடக்கிறது. ஆனால் ஏலத்தில் வெல்வது பணம். லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கென்றே ஒதுக்கிய அலைவரிசையை ஏலத்தில் விட்டால் அந்த ஒதுக்கீட்டுக்கே பொருள் இல்லை. முதலில் வந்தவருக்கு முதலில் என்று கொடுக்கலாம். அந்த முறை தன்னிச்சைக்கு இடம் கொடுப்பது என்று உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் அலைக்கற்றை வழக்கில் கண்டித்து, 122 உரிமங்களை ரத்து செய்ததைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. அதே ஆண்டு செப்டம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதில் அளித்தபோது நீதிமன்றம் இன்னொன்றையும் சொன்னது: இயற்கை வளங்களைக் கொடுக்க ஏலம் ஒன்றே வழி அல்ல, பொது நலன் கருதி வேறு முறையையும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அந்த முறை நியாயமாகவும் ஒளிவுமறைவற்றதாகவும் இருக்க வேண்டும். சமுதாய வானொலிக்கு அந்தத் தீர்ப்பு பொருந்துவதுபோல வேறு எதற்கும் பொருந்தாது.

அமெரிக்கா இதே சிக்கலை மதிப்பெண் போட்டுத் தீர்க்க முயன்றது. அங்கே குறைந்த சக்திப் பண்பலை என்ற வகையை ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி 2000-ம் ஆண்டு உருவாக்கியது. அங்கும் வரம்பு 100 வாட், 30 மீட்டர். அதற்கு முன்பு வானொலி உரிமத்துக்குப் போட்டி வந்தால் நீதிமன்றம் போல விசாரணை நடத்தி ஒப்பிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அந்த ஒப்பீட்டின் மையமான அளவுகோல் ஒன்றைத் தன்னிச்சையானது என்று 1993-ல் பெக்டெல் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, எவரும் எண்ணிப் பார்க்கக்கூடிய எளிய புள்ளிகளை எஃப்சிசி வகுத்தது.

முதலில் மூன்று புள்ளிகள்: இரண்டு ஆண்டுகளாக அந்த ஊரில் இயங்கியிருந்தால் ஒன்று, நாளுக்கு 12 மணி நேரம் ஒலிபரப்புவதாக உறுதி தந்தால் ஒன்று, அதில் 8 மணி நேரம் உள்ளூரிலேயே தயாரித்த நிகழ்ச்சி என்றால் இன்னொன்று. மூன்றும் எல்லோருக்கும் எட்டுகிறவை. ஆகவே சமநிலைகள் குவிந்தன. 2012-ல் அளவுகோல்களைத் திருத்தினார்கள். உள்ளூரில் ஆள் இருக்கும் ஒலிப்பதிவுக் கூடம், கையில் வேறு ஒலிபரப்பு நிலையம் எதுவும் இல்லாதிருத்தல், பழங்குடி அமைப்பாக இருத்தல் போன்றவற்றுக்கும் புள்ளிகள் வந்தன. அடுத்த ஆண்டு விண்ணப்ப வாசலைத் திறந்தபோது 2,800-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்து சேர்ந்தன.

அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது, சமநிலை வந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதைத்தான். சம புள்ளி பெற்றவர்களுக்கு 90 நாள் கொடுக்கிறார்கள். அதற்குள் அவர்களே பேசி நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாம். காலையில் ஒரு தேவாலயம், மாலையில் ஒரு தொழிலாளர் அமைப்பு, வார இறுதியில் ஒரு பள்ளி என்றுகூட அமையலாம். ஒவ்வொருவருக்கும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம். ஒப்பந்தம் எட்டாவிட்டால், ஊரில் அதிக காலம் வேரூன்றிய மூன்று அமைப்புகள் வரை ஆணையமே சம நேரம் பிரித்துக் கொடுக்கும். ஒரு கோபுரத்தில் மூன்று குரல்.

ஃப்ளோரிடாவின் இம்மோகலீ என்ற சிற்றூரில் தக்காளி பறிக்கும் தொழிலாளர்கள் ரேடியோ கான்சியென்சியா என்ற நிலையத்தை இந்த வகை உரிமத்தில்தான் நடத்துகிறார்கள். 2003 டிசம்பரில் பல ஊர்களிலிருந்து வந்த ஆர்வலர்கள் கூடி, ஒரு வார இறுதியில் அந்த நிலையத்தைக் கட்டி எழுப்பினார்கள். மெக்சிகோ, குவாதமாலா, ஹைட்டி நாடுகளிலிருந்து வந்தவர்கள் தங்கள் மொழிகளில் கூலி விவகாரம் பேசுகிறார்கள். பண பலத்தை எடைபோடும் எந்தக் குழுவிடமும் அவர்கள் தேர்ச்சி பெற்றிருக்க மாட்டார்கள். ஊரில் வேர், உள்ளூர் நிகழ்ச்சி என்ற புள்ளிகளில் அவர்களால் நிமிர்ந்து நிற்க முடிந்தது.

பிரிட்டன் வேறு வழி போயிற்று. அங்கே 2004-ம் ஆண்டின் சமுதாய வானொலி ஆணைக்குப் பிறகு ஆஃப்காம் என்ற ஆணையம் ஏழு கேள்விகள் கேட்கிறது. உரிமக் காலம் முழுதும் நடத்த முடியுமா? அந்தச் சமூகத்தின் ரசனைக்கும் தேவைக்கும் தீனி போடுமா? ஏற்கெனவே இருப்பவற்றிலிருந்து வேறுபடுமா? ஊரில் ஆதரவு உண்டா? சமூகத்துக்கு என்ன பயன்? சமூகத்துக்கு யார் எப்படிப் பதில் சொல்வார்கள்? ஊர்க்காரர்களுக்கு நிலையத்தில் பயிற்சியும் கருவிகளும் கிடைக்குமா? புள்ளிக் கணக்கு இல்லை. ஆணையம் தன் அறிவைக் கொண்டு முடிவெடுக்கிறது. ஆனால் மூடிய அறைக்குள் அல்ல. விண்ணப்பங்களை வெளியிடுகிறது, யாருக்கு ஏன் கொடுத்தோம் என்ற காரணத்தையும் வெளியிடுகிறது. வென்றவர் விண்ணப்பத்தில் சொன்ன வாக்குறுதிகளின் சாரத்தை உரிமத்தின் நிபந்தனையாகவே சேர்த்துவிடுகிறது. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் சொந்த நிகழ்ச்சி, இன்னின்ன மொழிகள் என்று எழுதிக் கொடுத்தவர், மூன்றாம் ஆண்டில் நாள் முழுவதும் சினிமாப் பாட்டு போட்டுக்கொண்டிருக்க முடியாது.

ஆஸ்திரேலியாவின் 1992-ம் ஆண்டு ஒலிபரப்புச் சட்டம் இன்னும் இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறது. அந்தப் பகுதியில் ஏற்கெனவே என்ன ஒலிபரப்புகள் இருக்கின்றன, அவற்றில் யார் குரல் இல்லை என்பதை ஆணையம் பார்த்தாக வேண்டும். ஒரே பகுதியில் ஒருவர் கையில் ஒன்றுக்கு மேற்பட்ட சமுதாய உரிமம் சேர்வதும், அரசோ அரசியல் கட்சியோ உரிமத்தைக் கட்டுப்படுத்துவதும் விரும்பத்தகாதவை என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. இந்தியாவிலும் அரசியல் கட்சிகளுக்கும் அவற்றின் துணை அமைப்புகளுக்கும் தடை உண்டு என்பது பாராட்டத்தக்கது. ‘இந்த ஊரில் இன்னும் யார் பேசவில்லை?’ என்ற கேள்விதான் நம் நெறிகளில் எங்கும் எழுதப்படவில்லை.

மதிப்பெண் முறையைக் குறைசொல்பவர்கள் கிளப்பும் ஐயம் நியாயமானது. புள்ளிக்காகவே விண்ணப்பம் எழுதுவார்கள். வாக்குறுதிகளை அள்ளி விடுவார்கள். அனுபவமுள்ள அதிகாரியின் மதிப்பீட்டை எண்ணால் ஈடுசெய்ய முடியாது என்கிறார்கள். அமெரிக்காவில் குவிந்த சமநிலைகளே அதற்குச் சான்று. அதனால்தான் வெறும் புள்ளிகள் போதாது. பிரிட்டனைப் போல வாக்குறுதியை நிபந்தனையாக்கிப் பிடித்துவைக்க வேண்டும். எழுதியதைச் செய்யாதவருக்கு உரிமம் புதுப்பிக்கப்படாது என்று தெரிந்தால் யாரும் கை நடுங்காமல் பொய் எழுத மாட்டார்கள். வெளியே சொல்லாத அதிகாரியின் அறிவைவிட, வெளியே எழுதிவைத்த அளவுகோல் எளியவர்களுக்குப் பாதுகாப்பு.

பல ஊர்களில் ஒரே ஒரு விண்ணப்பம்தான் வருகிறது, போட்டி எங்கே என்றும் கேட்கலாம். ஆனால் 2024 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தென்மண்டல சமுதாய வானொலி மாநாட்டையொட்டி வெளியான திருத்திய நெறிகள், யாரை எப்படித் தேர்வு செய்வது என்ற கேள்வியின் கனத்தைக் கூட்டிவிட்டன. விளம்பர நேரம் மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமானது. அரசு விளம்பரத்தின் கட்டணம் 10 வினாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயானது. இவை நல்ல செய்திகள். திணறிக்கொண்டிருந்த நிலையங்களுக்கு மூச்சு கிடைத்தது. அவற்றோடு, முதல் அனுமதிக் காலம் 10 ஆண்டாக நீண்டது. பல மாவட்டங்களில் பணிபுரியும் ஓர் அமைப்பு ஆறு நிலையங்கள் வரை தொடங்கலாம் என்றும் ஆனது. இன்று ஓர் ஊரின் அலைவரிசையைப் பெறும் அமைப்பு பத்தாண்டுகளுக்கு அங்கே இருக்கும். பெரிய அமைப்புகள் பல ஊர்களில் விரியும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் அந்த ஊர் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும். வருமானம் கூடும்போது விண்ணப்பங்களும் கூடும்.

ஆகவே, அமைச்சகம் செய்ய வேண்டியவை சில உண்டு. எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை.

முதலாவது, போட்டி உள்ள இடங்களில் எல்லா விண்ணப்பங்களின் சாரத்தையும் அந்தந்த மாநில மொழியில் இணையத்திலும் உள்ளாட்சி அலுவலகப் பலகையிலும் வெளியிட்டு, ஊர்மக்கள் கருத்துச் சொல்ல ஒரு மாதம் கொடுக்க வேண்டும். இரண்டாவது, எந்த அளவுகோலுக்கு எத்தனை மதிப்பெண் என்று விண்ணப்பம் கோரும்போதே அறிவிக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர், சொந்தமாகத் தயாரிக்கப்போகும் நிகழ்ச்சி எத்தனை மணி நேரம், இதுவரை காற்றில் ஒலிக்காத எந்த மக்களின் குரல் இதனால் ஒலிக்கும் ஆகிய மூன்றும் முன்னால் நிற்க வேண்டும். பண வளம் என்பது தேறியதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் தகுதியாக இருந்தால் போதும். கருவிகள் வாங்க மானியம் தர அரசிடம் திட்டம் இருக்கும்போது, பணம் உள்ளவருக்குக் கூடுதல் மதிப்பெண் எதற்கு?

மூன்றாவது, நெருக்கமாகப் போட்டியிடுவோர் நேரத்தைப் பகிர்ந்துகொள்ள வழி திறக்க வேண்டும். ஒரே கோபுரத்தில் காலையில் கல்லூரி மாணவர்களும் மாலையில் துப்புரவுத் தொழிலாளர்களும் பேசுவதை இன்றைய நெறிகள் கற்பனைகூடச் செய்யவில்லை. கோபுரமும் ஒலிபரப்புக் கருவியும் ஒன்றாக இருந்தால் செலவும் பாதியாகும். நான்காவது, விண்ணப்பத்தில் எழுதிய வாக்குறுதிகளை அனுமதி ஒப்பந்தத்தில் சேர்த்து, புதுப்பிக்கும்போது ஊர்மக்களைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

கடைசியாக, கிடைக்காதவர்களுக்கு எழுதும் கடிதம். நிர்வாக முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தர வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவு 2005 முதல் சொல்லிவருகிறது. ஒரு கடலோர ஊரின் சுயஉதவிக் குழுப் பெண்கள் விண்ணப்பித்துத் தோற்றுப்போனால், அவர்கள் கைக்கு வரும் தாளில் தங்களுக்கு எதில் எத்தனை மதிப்பெண், வென்றவருக்கு எத்தனை, எங்கே குறைந்தோம், மறுபரிசீலனைக்கு யாரிடம் எத்தனை நாளுக்குள் போக வேண்டும் என்பவை தமிழில் இருக்க வேண்டும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர்கள் அடுத்த முறைக்கு ஆயத்தமாகலாம். வென்ற நிலையத்தின் வாசலுக்கே போய், எங்களுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று கேட்கவும் செய்யலாம்.